நியூசிலாந்தின் தென் தீவில் பழைய மோட்டார்ஹோம்: கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்

நேற்று இரவுதான் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து சாங்கியில் வந்து இறங்கியாச்சு. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. எரிச்சல் ஆறுவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். நியூசிலாந்தில் பழைய மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டி, விற்பவர்களில் சிலர் ஈரத்தை மறைத்து விற்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து போகும் நாம் அதில் சுலபமாக மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் நாம் வண்டி பார்க்கப் பழகிய விதமே வேறு.

இங்கே பழைய கார் வாங்கப் போனால் முதல் கேள்வி, சிஓஇ (கார் வைத்திருக்க அரசு தரும் உரிமைச் சான்று) இன்னும் எத்தனை வருஷம்? அடுத்தது, மீட்டரில் எவ்வளவு? பத்து வருஷம் முடிந்து சிஓஇ புதுப்பிக்காவிட்டால் நன்றாக ஓடும் காரையும் பதிவிலிருந்து எடுத்தாக வேண்டும். கொடுக்கிற காசில் பெரும்பங்கு அந்தக் காகிதத்துக்குத்தான். நியூசிலாந்தில் அப்படிக் காகிதம் கிடையாது. இருபது வயது மோட்டார்ஹோம்கூடச் சாலையில் ஓடுகிறது, விலையும் கூசாமல் சொல்கிறார்கள். அங்கே காசு முழுக்க வண்டியின் உடம்புக்கு. பல பழைய வண்டிகளில் அந்த உடம்பு என்பது மரச்சட்டம், மேலே மெல்லிய அலுமினியத் தகடு, மூலைகளில் பசை. அந்தப் பசை வெயிலில் காய்ந்து வெடித்தால், மழைநீர் திருகாணி ஓட்டை வழியே உள்ளே இறங்கி மரத்தை மக்க வைக்கும். 60,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று பெருமையாகச் சொல்லும் வண்டி, வருஷக்கணக்கில் மழையில் சும்மா நின்றதாக இருக்கலாம். சர்வீஸ் புத்தகத்தோடு 200,000 ஓடிய டீசல் வண்டி, உள்ளே காய்ந்திருந்தால், அதைவிட எவ்வளவோ மேல்.

எப்படிப் பார்ப்பது? முதலில் மூக்கு. கதவு, சன்னல் எதையும் திறந்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போய்ச் சேரும்போது எல்லாம் திறந்துகிடந்து, உள்ளே லாவெண்டர் வாசனை தூக்கலாக அடித்தால், இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். இந்தப் பயணத்தில் அப்படி ஒரு வண்டி. படுக்கை விரிப்பு புத்தம் புதுசு, திரைச்சீலை புதுசு. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே உள்ள படுக்கையின் மெத்தையைத் தூக்கி, முன் மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால், பலகை ஊறிய பிஸ்கட் மாதிரி அமுங்கியது. ஓரத்தில் இருந்த ஸ்டேப்பிள் பின்கள் செம்பழுப்பாகத் துருப்பிடித்திருந்தன. வெளியே போய் அதே மூலையைப் பார்த்தால், பழைய பசைமேல் வெள்ளை சிலிக்கோனை விரலால் இழுத்துப் பூசியிருந்தார்கள்.

இந்த சிலிக்கோன்தான் பெரிய அயோக்கியத்தனம். சிலிக்கோன்மேல் வேறெதுவும் ஒட்டாது, புது சிலிக்கோன்கூடச் சரியாகப் பிடிக்காது. ஒழுங்காகச் செய்வதென்றால் அலுமினியப் பட்டையைக் கழற்றி, பழையதைச் சுரண்டி எடுத்து, பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்து, மோட்டார்ஹோமுக்கென்றே உள்ள சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) போட்டு, புதுத் திருகாணியால் முடுக்க வேண்டும். பூசி மழுப்பிய இடத்தில் கசிவு நிற்காது. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியும் அடைபட்டுப் போகும்.

கறை தெரியும் இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். வீவக அடுக்குமாடி வீட்டில் மேல்மாடிக் கழிவறைக் கசிவால் அவதிப்பட்டவர்களுக்கு இது தெரியும்: தண்ணீர் ஒரு இடத்தில் இறங்கி, இன்னொரு இடத்தில்தான் முகம் காட்டும். கூரைச் சன்னலைச் சுற்றி, சன்னல்களின் கீழ் மூலை, பின்விளக்குக்குப் பின்புறம், வெளிக்கூடாரத் துணி மாட்டும் பட்டை நெடுக, அலமாரிகளின் உள்மூலை, இவை எல்லாவற்றையும் அழுத்திப் பாருங்கள். இரண்டு ஊசி உள்ள ஈரமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 15 சதவீதத்துக்குள் காட்டினால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் கேள்வி கேளுங்கள். 30 என்றால் மரம் போயிருக்க வாய்ப்பு அதிகம், திரும்பி வந்துவிடுங்கள். கழிவறை, தண்ணீர்ப் பம்பு அருகே தரை மெத்தென்று இருந்தாலும் அதே முடிவுதான்.

எஞ்சினைப் பற்றி ஒன்றுதான். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், மாற்றிய ரசீதைக் கேளுங்கள். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருஷக்கணக்கில் அது கெடும். டயரும் அப்படித்தான். பட்டன் ஆழமாக இருக்கும், பக்கச்சுவரில் வெடிப்பு ஓடும். பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஏழெட்டு வருஷம் ஆன டயர் என்றால் புது செட்டின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

பேட்டரியில்தான் நம் குடும்பங்கள் ஏமாறுகின்றன, காரணம் ரைஸ் குக்கர். 500 வாட் குக்கரை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அரை மணி நேரத்தில் 20 ஆம்பியர்-அவருக்கு மேல் காலி. 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் கெடாமல் எடுக்கலாம். ஃப்ரிட்ஜும் விளக்கும் அதையே நம்பி இருக்கின்றன. சோற்றுக்குக் கேஸ் அடுப்பும் பிரஷர் குக்கரும் போதும்.

குக்கர் என்றதும் தென் தீவின் ட்விசல் ஊர் நினைவுக்கு வந்துவிட்டது! அங்குள்ள நீர்மின் கால்வாய்களில் சால்மன் வளர்க்கிறார்கள், பண்ணையிலேயே வாங்கலாம். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவி இரும்புக் கல்லில் தோல் பக்கம் முதலில் போட்டால், அதன் கொழுப்பிலேயே பொரிந்து வரும், எண்ணெய் ஒரு சொட்டுக்கூடத் தேவையில்லை. கூடவே சுடுசோறும் ரசமும். உணவகத்தில் கொடுக்கும் காசை நினைத்தால் இது கொள்ளை மலிவு. தேக்கா சந்தையிலிருந்து பொடிகளைக் கொண்டுபோனால் வருகை அட்டையில் அத்தனையையும் குறிப்பிடுங்கள். மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம்.

காகித விஷயத்துக்கு வருகிறேன். பாதுகாப்புச் சோதனைச் சான்று ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய சான்றே போதும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். வண்டிமேல் கடன் இருக்கிறதா என்று பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் தேடுங்கள். இருந்தால் கடன் கொடுத்தவர் உங்களிடமிருந்தே வண்டியை எடுத்துப் போகலாம். டீசல் வண்டிக்குச் சாலைக் கட்டணம் தனி, 1,000 கிலோமீட்டர் கணக்கில் முன்பணமாக வாங்க வேண்டும். 3.5 டன்னுக்குள் உள்ள வண்டிக்கு 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர், சேவைக் கட்டணம் தனி. கண்ணாடியில் ஒட்டிய சீட்டின் எண்ணையும் மீட்டரையும் ஒப்பிடுங்கள். மீட்டர் தாண்டியிருந்தால் அந்தப் பாக்கியை விலையில் கழியுங்கள்.

முகாம் கட்டணத்தை மிச்சப்படுத்தும் எண்ணம் இருந்தால் தண்ணீர், கழிவறை வசதி வண்டிக்குள்ளேயே உண்டு என்று காட்டும் பச்சை நிறச் சான்று உள்ள வண்டியாகப் பாருங்கள். 2023இல் வந்த சட்டப்படி, கழிவறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும், படுக்கையை விரித்த பிறகும் அதைப் பயன்படுத்த இடம் இருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் வைக்கும் பெட்டிக் கழிவறை கணக்கில் வராது. உங்களிடம் இருப்பது ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டுமான கிளாஸ் 3ஏ உரிமம் என்றால் இன்னொன்று: பழைய மோட்டார்ஹோம்களில் பல, கியர் வண்டிகள்.

மூன்று வாரப் பயணத்துக்கு வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். தேடவும் சோதிக்கவும் ஒரு வாரம், விற்க இன்னொரு வாரம் போய்விடும். இரண்டு மாதம் சுற்றுகிறவர்களுக்கும், வருஷா வருஷம் போகிறவர்களுக்கும்தான் வாங்குவது கட்டும். சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் ஆசை வேண்டாம், மூன்று வயது தாண்டிய பழைய வண்டியைப் பொதுவாக இங்கே இறக்குமதி செய்ய முடியாது.

அங்கேயே நிறுத்திவிட்டு வருவதென்றால் குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை முழுக்க வடியுங்கள். தொட்டி, சுடுநீர்க் கலன் இரண்டையும் காலி செய்து, பம்பை ஓடவிட்டுக் குழாய்களில் உள்ளதையும் வெளியேற்றி, எல்லாக் குழாய்களையும் திறந்தே விட வேண்டும். மிச்சமிருக்கும் தண்ணீர் உறைந்தால் இணைப்புகள் வெடிக்கும். ஃப்ரிட்ஜ் கதவை ஒரு துண்டு வைத்துச் சற்றே திறந்து வையுங்கள். மெத்தைகளைச் சுவரை விட்டு நகர்த்தி நிமிர்த்தி வையுங்கள். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் பூட்டுங்கள்.