நெய்மீனுக்கு விட்ட தூண்டிலில் கடல் விரால்: மண்டபம் தென்கடல்

14 கிலோ! நெய்மீன் (சென்னையில் வஞ்சிரம்) அடிக்கும் என்று இழுத்துப் போன பிளக்கில் (மீன் வடிவப் போலி இரை) கடல் விரால் (கோபியா) ஏறியது. கச்சான் (தென்மேற்குக்) காற்று அடங்கிய முதல் வாரத்திலேயே இது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆனியிலிருந்து ஆவணி வரை கச்சான் தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவை, கலக்கிக்கொண்டே இருக்கும். அப்போது வடகடல்தான் (பாக் விரிகுடா) ஒதுக்கம். புரட்டாசிக் கடைசியில் காற்று விழுந்து தண்ணீர் தெளியத் தொடங்கும். மழையும் புயல் எச்சரிக்கையும் வந்து நாட்களைத் தின்பதற்குள் கிடைக்கும் இடைவெளிதான் தொடக்க சீசன்.

அதே புரட்டாசியில்தான் மகாளய அமாவாசையும். தர்ப்பணக் கூட்டத்தில் ராமேஸ்வரத்தில் அறை வாடகை தாறுமாறாக ஏறும். பட்ஜெட் முக்கியம் என்றால் ராமநாதபுரம் டவுனில் தங்கி, விடியுமுன் பஸ் பிடியுங்கள். மண்டபம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இரண்டு துண்டாகக் கழலும் ராடு (தூண்டில் கம்பு) மட்டும் கொண்டுபோங்கள், அதையும் பிவிசி குழாய்க்குள் போட்டு. எங்களுக்கு வாய்த்த பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, சீட் ஆடியது, நீளப் பைக்கு இடமே இல்லை. இறங்கியதும் ஆட்டோ. கடற்கரை இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ராடைப் பார்த்ததும் ரேட் இரண்டு மடங்கு! இது அநியாயம். ஏறுமுன் பேசி முடியுங்கள், படியவில்லை என்றால் நடந்துவிடுங்கள்.

படகு பேசும்போது ஒரு வார்த்தையில் கவனம். ‘ட்ரோலிங்’ என்று சொன்னால் இங்கே எல்லோர் காதிலும் ‘ட்ராலிங்’ என்று விழும்; அதாவது விசைப்படகின் இழுவைமடி வலை. நாட்டுப்படகுக்காரர்களுக்கு அது வயிற்றிலடிக்கிற பேச்சு. “அண்ணே, ஓடுற படகுல தூண்டில் விட்டு இழுக்கணும்” என்று சொல்லுங்கள், உடனே புரியும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பலர் கடலுக்குப் போவதில்லை. பதிவு எண் உள்ள படகு, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், கையில் ஆதார், இந்த மூன்றும் இல்லாமல் ஏறாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அவற்றைச் சுற்றியுள்ள ஆழம் குறைந்த பாரில் (பவளப் பாறைத் திட்டில்) தூண்டில் போடக் கூடாது. போட்டாலும் நஷ்டம்தான்: 4 மீட்டர் இறங்கும் பிளக் 3 மீட்டர் தண்ணீரில் பவளத்தில் மாட்டி அறுந்துபோகும். தீவுகளைத் தள்ளி 6, 7 பாகம், அதாவது 11 முதல் 13 மீட்டர் ஆழத்தில் ஓட்டச் சொல்லுங்கள்.

செலவில் பெரிய பங்கு எண்ணெய்க்குத்தான். மூன்று பேர் பகிர்ந்தால் தாங்கும். ஆனால் தூண்டில் இரண்டு போதும். ஒன்று 25 மீட்டர், இன்னொன்று 40 மீட்டர் பின்னால். ஒரே நீளத்தில் விட்டால் படகு திரும்பும்போது இரண்டும் பின்னிக்கொள்ளும். திருப்பத்தில் உள்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தொய்யும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடும். அதனால் அகலமாக வளைக்கச் சொல்லுங்கள். வேகம் மணிக்கு 9 முதல் 11 கிலோமீட்டர்.

50 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்), அதன் முனையில் 60 பவுண்டு தங்கூசி இரண்டு மீட்டர், கடைசியில் ஒரு முழம் ஒற்றைக் கம்பி. நெய்மீன் பல்லுக்குக் கம்பி இல்லாமல் எதுவும் நிற்காது. ரீலின் டிராக்கை (நூலைப் பிடிக்கும் பிரேக்) கையால் இழுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்பிரிங் தராசை மாட்டி 6 கிலோவில் நிறுத்துங்கள். மீன் ஓட ஓட ஸ்பூலில் நூல் குறையும், சுற்று சிறுக்கும், பிடி தானாக இறுகும். முதலிலேயே 9, 10 கிலோ வைத்தவர்களுக்கு நூறு மீட்டர் போனதும் நூல் அறும், இல்லையென்றால் மீனின் வாய் கிழியும்.

தொடக்க சீசனின் பெரிய தொல்லை பாசி. கச்சான் பெயர்த்துப் போட்ட பாசியும் கடற்புல்லும் வாரக்கணக்கில் மிதக்கும். ராடு நுனியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பிளக் ஒழுங்காக நீந்தினால் நுனி விடாமல் துடிக்கும். ஒரு புல் இலை கொக்கியில் விழுந்தாலும் துடிப்பு நின்று நுனி செத்துப்போகும். அப்படியே இழுத்துக்கொண்டு போனால் எண்ணெய்க் காசுதான் வீண். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றி எடுத்துப் பாருங்கள், சலிக்காதீர்கள்.

மிதக்கும் கட்டை, மிதவை, பெரிய திருக்கை கண்ணில் பட்டால் அதையொட்டி ஒரு சுற்று. எங்களுக்கு அடித்தது ஒரு பாசித் திட்டை ஒட்டி மிதந்த மூங்கில் அருகே. நெய்மீன் அடித்தால் ரீல் அலறும், மீன் மேல்மட்டத்தில் நேராக ஓடும். இது ‘தொம்’ என்று ஒரே இழுப்பு, பிறகு நேராகக் கீழே. கல்லில் மாட்டிக்கொண்டது என்றே நினைக்கத் தோன்றும். இன்ஜினை உடனே நிறுத்தாதீர்கள். நான்கைந்து நொடி ஓடவிட்டால்தான் கொக்கி ஆழப் பதியும். பிறகு வேகத்தைக் குறைத்து, அடுத்த தூண்டிலைச் சுருட்டுங்கள்.

இருபது நிமிடம் கழித்து மேலே வந்தபோது சுறா என்றுதான் படகில் சத்தம். தட்டையான தலை, துருத்திய கீழ்த்தாடை, காப்பிக்கொட்டை நிற முதுகு, பக்கவாட்டில் வெள்ளிக் கோடு. முதுகில் தனித்தனியாக நின்ற குட்டை முட்களை எண்ணினால் எட்டு. கடல் விராலுக்கு 7 முதல் 9 வரை இருக்கும். படகருகே அது பசுபோல அமைதியாக வரும். அதை நம்பி ஏற்றினால் கால் எலும்பு போகும். உள்ளே விழுந்த பிறகுதான் அதன் ஆட்டமே. இன்னும் இரண்டு முறை கீழே ஓடவிட்டு, களைத்ததும் காஃப் (கைப்பிடி வைத்த பெரிய கொக்கி) போட்டு ஏற்றி, தலையில் நனைந்த சாக்கைப் போர்த்துங்கள். பிளக்கின் மூன்று முனைக் கொக்கியைக் குறடால் மட்டும் கழற்றுங்கள்.

செவுளை அறுத்து ரத்தம் வடித்து, மீன் எடைக்குச் சமமாக உடைத்த ஐஸ். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இந்த மீனை வளர்க்கவும் செய்கிறார்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையம்தான் 2010-இல் இந்தியாவில் முதன்முதலாக இதைக் குஞ்சு பொரிக்க வைத்தது. தோல் தடிப்பு, உரித்துவிட வேண்டும். சதை வெள்ளை, கொழுப்பு அதிகம், துண்டு உடையாது. கரையில் ஓர் அக்கா நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதக்கி, புளி கெட்டியாகக் கரைத்து, தலையைக் குழம்பில் போட்டுக் கொடுத்தார். செவுள் அருகே இருந்த சதை வெண்ணெய் மாதிரி கரைந்தது. நெய்மீன் எனக்கு இனி இரண்டாவதுதான்.