ஆழம் தெரியாத புண்

ஜூன் 3

செவிலியர் பயிற்சியில், அறுவை சிகிச்சை வார்டில் எனக்கு இது முதல் வாரம். இன்று முதன்முறையாக ஒரு புண்ணுக்கு நானே கட்டு மாற்றினேன். சரியாகச் சொன்னால் பாதி மாற்றினேன், மீதியை வார்டு சிஸ்டர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இடுப்பெலும்பு முறிந்து பல வாரங்கள் படுத்தே கிடந்த ஒரு பெரியவருக்கு முதுகெலும்பு முடியும் இடத்தில் உண்டான படுக்கைப் புண் அது. பழைய காஸ் துணி உலர்ந்து புண்ணின் ஓரத்தோடு ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் ஃபோர்செப்ஸ் இடுக்கியால் இழுத்துவிட்டேன். அவர் கத்தவில்லை, கட்டில் கம்பியைப் பற்றியிருந்த விரல்கள் மட்டும் வெளுத்தன. சிஸ்டர் நார்மல் சலைன் என்ற உப்புநீரை ஊற்றி ஊறவிட்டுக் காத்திருந்தார்; சற்று நேரத்தில் காஸ் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கழன்று வந்தது. வலி மருந்தை அரை மணி நேரம் முன்பே கொடுக்க நினைவூட்டியிருக்க வேண்டும் என்பது, பாடப்புத்தகத்தில் நானே அடிக்கோடிட்டு வைத்திருந்த வரி.

ஜூன் 5

புண்ணை அளக்கக் கற்றுக்கொண்டேன். தலையிலிருந்து கால் நோக்கிய திசையில் நீளம், அதற்குக் குறுக்காக அகலம், 6 செ.மீ., 5 செ.மீ. என்று குறித்தேன். அடுத்தது நிறம். சிவப்பு என்றால் புதிதாக வளரும் சதை, மஞ்சள் என்றால் சிதைந்து ஒட்டிக் கிடக்கும் திசு, கறுப்பு என்றால் இறந்து காய்ந்துபோன திசு. இவருடைய புண்ணில் பெரும்பகுதி கறுப்பு. தோல்போல் இறுகி, மேலே மூடி போட்டதுபோல் இருந்தது. ஆழத்துக்கான கட்டத்தில் நான் பூஜ்யம் எழுத, சிஸ்டர் அதை அடித்துவிட்டு ‘அளக்க இயலவில்லை’ என்று எழுதச் சொன்னார். படுக்கைப் புண்ணுக்கு நான்கு நிலைகள் உண்டு என்று மனப்பாடம் செய்திருந்தேன். அடித்தளம் கண்ணுக்குத் தெரியாத புண்ணை அந்த நான்கில் எதிலும் சேர்க்கக்கூடாது என்பது இன்றுதான் மண்டையில் ஏறியது.

ஜூன் 6

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்தோம். எழுத வேறொன்றும் இல்லை. எனக்கு முதுகு வலிக்கிறது.

ஜூன் 8

அந்தக் கறுப்பு மூடியை அகற்றும் அறுவை சிகிச்சையைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. விரித்த பச்சைத் துணிகளிலிருந்து தள்ளி நிற்க வேண்டும், எதையும் தொடக்கூடாது, தலை சுற்றினால் மேசைப் பக்கம் சாயாமல் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட வேண்டும்: எனக்கிட்ட கட்டளைகள் இவைதான். கத்தி வைக்கும் முன் அனைவரும் கைவேலையை நிறுத்தி, நோயாளியின் பெயரையும் செய்யப்போகும் சிகிச்சையையும் உரக்கச் சொல்லிச் சரிபார்த்தார்கள். இதற்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலைத் தேர்வுக்காகப் படித்தபோது வெறும் சடங்காகத் தோன்றியிருந்தது. மயக்கத்தில் இருப்பவரால் தன் பெயரைச் சொல்ல முடியாது என்பதை அங்கே நின்றபோதுதான் யோசித்தேன்.

இரத்தத்துக்கு நான் அஞ்சவில்லை. மின்சாரத்தால் திசுவைச் சுடும் டயதெர்மி கருவி தொட்டதும் எழுந்த, சதை கருகும் வாசனைதான் என் முழங்கால்களைத் தளர்த்தியது. இரண்டு நிமிடம் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது கறுப்புத் திசு போய், அதன் அடியில் தேங்கியிருந்த சீழும் வெளியேறியிருந்தது. சிறுகச் சிறுக வெட்டிக்கொண்டே வந்த மருத்துவர், ஓரங்களில் இரத்தம் கசியத் தொடங்கியதும் நிறுத்தினார். உயிருள்ள திசுவை அடைந்ததற்கு அதுவே அடையாளமாம். முடிவில், மேசையருகே கருவிகளை எடுத்துத் தரும் ஸ்க்ரப் நர்ஸ் காஸ் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். எக்ஸ்ரேயில் தெரியும் இழை அவற்றில் இருந்தாலும், எண்ணிக்கையை யாரும் அந்த இழையை நம்பி விட்டுவிடுவதில்லை.

கழுவிக் கழுவி என் விரலிடுக்குகள் வெடித்திருக்கின்றன. அறுவை அரங்குக்குள் ரப்பர் கையுறை வந்ததற்கும் இப்படி ஒரு செவிலியரின் கைகளே காரணம்: 1890-ஐ ஒட்டி, கிருமிநாசினிக் கரைசலால் தோல் புண்ணாகிப்போன கரோலைன் ஹாம்ப்டனுக்காக, வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் அவற்றைச் செய்வித்தார்.

ஜூன் 10

இன்றைய அளவு: 8 செ.மீ., 6.5 செ.மீ., ஆழம் 2.5 செ.மீ. கடிகார முகப்பில் 2 மணி இருக்கும் திசையில் தோலுக்கு அடியில் ஒரு குடைவும் இருக்கிறது. முந்தைய வரிக்குக் கீழே இதை எழுதியபோது ஏதோ தவறு செய்தவரைப்போல் கூசினேன். “அன்றும் இதே அளவு இருந்திருக்கும், நமக்குத் தெரியவில்லை,” என்றார் சிஸ்டர். கசிவு மிகுதியாக இருந்ததால், அதை உறிஞ்சிக் கூழாக மாறும் ஆல்ஜினேட் என்ற கட்டுப்பொருளை வைத்தோம். புண் காற்றாட உலர வேண்டும் என்றே வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். ஈரம் காத்த காயங்களில் புதுத்தோல் விரைவாகப் படர்வதை ஜார்ஜ் வின்ட்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் செய்த ஆய்வில் 1962-லேயே காட்டிவிட்டார்.

ஜூன் 22

வலி மருந்து 9.30 மணிக்கு, கட்டு மாற்றியது 10 மணிக்கு. அடித்தளம் முழுவதும் ஈரமான, சிவந்த, பொடிப்பொடியான சதை; ஆழம் 1.8 செ.மீ. தன் முதுகைத் தானே பார்க்க முடியாத பெரியவர், “எப்படி இருக்கிறது, சிஸ்டர்?” என்று கேட்டார். ‘நன்றாக இருக்கிறது’ என்று பொதுவாகச் சொல்லாமல் அளவுகளைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, போன முறை எவ்வளவு என்று கேட்டார். குறிப்பேட்டைப் புரட்டி, முதல் நாளிலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினேன். ஆழம் எழுதப்படாத வரியையும் சேர்த்து.