எத்தனை குஞ்சு விட்டீர்கள்?

நாட்டு டிரவுட் என்ற குளிர்நீர் மீனை ஓடைகளுக்குத் திரும்பக் கொண்டுவர ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் பொரிப்பகம் ஒன்றில் சில ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். இங்கே சம்பளத்துக்கு யாரும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "வருஷத்துக்கு எத்தனை குஞ்சு விடுறீங்க?" என்றுதான். அந்த எண்ணைச் சொல்ல எனக்கு இப்போதெல்லாம் அவ்வளவு ஆர்வம் வருவதில்லை.

வேலை பெரும்பாலும் குளிர்காலத்தில். சினைமீன்களை அந்தந்த ஓடையிலேயே பிடித்து, வயிற்றை மெல்ல நீவி, முட்டைகளை உலர்ந்த பாத்திரத்தில் இறக்குவோம். ஆண்மீனின் விந்தை அதன்மேல் விட்டுக் கலந்த பிறகுதான் தண்ணீர். தண்ணீர் பட்டதும் விந்தணு நீந்துவது ஒரு நிமிடம்கூட இருக்காது. முட்டையின் துளையும் சீக்கிரமே அடைபட்டுவிடும். வேலை முடிந்ததும் மீன்கள் தங்கள் ஓடைக்கே போய்விடும்.

அப்புறம் காத்திருப்பு. ஒவ்வொரு நாளின் தண்ணீர் வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்தால், பிரவுன் டிரவுட் முட்டை 400-ஐச் சற்றுத் தாண்டும்போது பொரிக்கும். 10 டிகிரி தண்ணீரில் அது ஏறக்குறைய 40 நாள்; 5 டிகிரியில் அதைப்போல் இரண்டு மடங்கு. தொடக்க வாரங்களில் முட்டையை அசைக்கவே கூடாது, சின்ன அதிர்வுகூட உள்ளே இருப்பதைக் கொன்றுவிடும். ஓட்டுக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண் தெரிந்த பிறகுதான் தைரியமாகக் கைவைக்கலாம். அப்போது வேண்டுமென்றே முட்டைகளைக் குழாய் வழியாக ஒரு வாளிக்குள் விழவிடுவோம். கருக்கூடாதவை அந்த அதிர்ச்சியில் வெளுத்துவிடும். மறுநாள் இடுக்கியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதுதான். விட்டுவைத்தால் வெள்ளை முட்டையில் பஞ்சுபோல் பூஞ்சை கிளம்பி, பக்கத்தில் உயிரோடு இருப்பதையும் மூடிவிடும்.

விடுமுறை நாட்களில்தான் ஆள் கிடைப்பது கஷ்டம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்த நாட்களைத் தாமே கேட்டு வாங்கிக்கொள்வார். "டார்ச்சைத் தள்ளிப் பிடிப்பா, அதுங்களுக்கு வெளிச்சம் ஆகாது" என்பார். முட்டைகள் இருக்கும் தட்டைப் பார்த்தபடியே மணிக்கணக்கில் பொறுக்குவார். அவரிடம் கற்ற பொறுமை எனக்குப் பெரிய வரவு.

ஆனால் தொட்டியில் நன்றாக வளரும் மீன் எல்லாம் ஓடையில் பிழைத்துவிடுவதில்லை. தொட்டியில் நாரை கிடையாது, வெள்ளம் கிடையாது, தீனி மேலிருந்து விழும். தலைமுறைக் கணக்கில் அங்கேயே பெருக்கினால் தொட்டிக்குத் தோதான மீன்தான் மிஞ்சும். அமெரிக்காவின் மேடிசன் ஆற்றில் வளர்ப்பு மீன் விடுவதை நிறுத்திப் பார்த்தபோது, அங்கே இயற்கையாக வாழ்ந்த டிரவுட் பெருகியது. 1974-இல் மாண்டானா மாநிலம், டிரவுட் தானாகப் பெருகும் ஆறுகளில் வளர்ப்பு மீன் விடுவதையே கைவிட்டது. பொரிப்பகத்தில் வேலை செய்யும் யாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அதனால் நாங்கள் சில மீன்களிடமிருந்து நிறைய முட்டை எடுப்பதில்லை; பல ஜோடிகளிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம். முடிந்தவரை கண் தெரிந்த முட்டையாகவே துளைபோட்ட சிறு பெட்டிகளில் வைத்து ஓடையின் கூழாங்கல்லுக்குள் புதைக்கிறோம். அங்கேயே பொரித்து, அந்தத் தண்ணீரையே முதலில் பார்க்கட்டும். கல்லிடுக்கில் வண்டல் அடைத்திருந்தால் தண்ணீர் ஓடாது, முட்டை மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஆகவே கரையில் மரம் நடுவதும், மாடுகள் இறங்கி மண்ணைக் கலக்காதபடி வேலி போடுவதும் எங்களுக்குத் தட்டுகளைப் பார்ப்பதைவிடப் பெரிய வேலை. புகைப்படத்துக்கு அழகாக இருக்காது, சரி, ஆனால் அதுதான் நிற்கிறது.

இப்போது நாங்கள் கவனமாக எண்ணுவது முட்டையிடும் குழிகளை. பெண்மீன் வாலால் அடித்துத் தோண்டிய இடத்தில் பாசி போய்க் கற்கள் வெளிறித் தெரியும். ஒரு கிளை ஓடையில் இந்தக் குழிகள் ஆண்டுக்காண்டு கூடி வந்ததால், அங்கே முட்டை புதைப்பதை நிறுத்திவிட்டோம். அதற்கான தட்டுகள் காலியாகிவிட்டன. அந்த ஆட்களை அடுத்த ஓடையில் வண்டல் வாரும் வேலைக்கு அனுப்பியிருக்கிறோம்.