எண் குத்திய செப்புத் தகடு

அப்பா பாத்திரக்கடை வைத்திருந்தவர். அதனால் செம்பைப் பார்த்தாலே என் கை எடை போடத் தொடங்கிவிடும். அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்தில் பார்த்தவை உள்ளங்கைக்குள் அடங்கும், அடிமைகளுக்கான செப்புத் தகடுகள். ஊர்ப்பெயர், தொழில், எண், ஆண்டு எல்லாம் குத்தியிருக்கிறார்கள். ஆளின் பெயர் மட்டும் இல்லை.

அடிமையை வெளியாரிடம் கூலிக்கு விட நினைத்த உரிமையாளர் ஆண்டுதோறும் நகர நிர்வாகத்துக்குக் கட்டணம் கட்டி இதை வாங்க வேண்டியிருந்தது, வண்டிக்கு உரிமம் எடுப்பதுபோல. உழைப்பு ஒருவருடையது, கூலியோ பெரும்பாலும் எஜமானின் பைக்கு.

இதே ஊரில் அடிமையாக இருந்த டென்மார்க் வெசி என்பவர் 1799இல் லாட்டரியில் 1,500 டாலர் வென்றார். 600 டாலர் கொடுத்துத் தன்னையே வாங்கிக்கொண்டார். எழுதவே கூசும் வாக்கியம். மனைவி மக்களை மீட்க முடியவில்லை. 1820இல் அந்த வழியும் அடைபட்டது: சட்டமன்றம் சம்மதித்தால்தான் விடுதலை என்று புதுச் சட்டம். 1822இல், கலகத்துக்குத் திட்டமிட்டதாக வெசியைத் தூக்கிலிட்டார்கள்.

மகள் அடுத்த கூடத்திலிருந்து கூப்பிட்டாள். நான் ஒரு தகட்டின் மேல்முனைத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடையில் விலைச்சீட்டு கட்டும் துளையும் அதே அளவுதான்.