மூலப்பத்திரம் கேட்ட யாத்திரை

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துபோனதிலிருந்து யாத்திரை என்றால் நான்தான். அவளுடைய வேண்டுதல்கள் மட்டும் தேய்ந்தபாடில்லை. இந்தத் தடவை ராமேஸ்வரத்தில் பதஞ்சலி முனிவர் சமாதிக்கு விளக்கு, ஏர்வாடி தர்காவுக்குப் பச்சைப் போர்வை, ஓரியூரிலிருந்து ஒரு பிடி சிவப்பு மண் என்று சொல்லி அனுப்பினாள். “போகிற வழியில் ஆபில் காபிலையும் பார்த்துவிடு. சின்ன வயதில் தாத்தா என்னைக் கூட்டிப்போயிருக்கிறார்.” எங்கள் பரமக்குடி வீட்டில் சாமிகளுக்குள் எல்லைத் தகராறு கிடையாது.

துணைக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநீறு பூசாமல் வெளியே கிளம்பமாட்டார்; ஆவணம் பார்க்காமல் எதையும் நம்பவும் மாட்டார். கோயில் வாசலில் தலபுராணம் விற்ற பையனிடம் “இதற்கு மூலம் எது, தம்பி?” என்று கேட்டார். அவன் “இருபது ரூபாய்” என்றான்.

அத்தை போன பிறகு மாமா ராமேஸ்வரம் வருவது இதுதான் முதல் தடவை. அக்னி தீர்த்தக் கரையில் உட்கார்ந்து திதி கொடுத்தார். எள்ளும் சோறும் பிசைந்த பிண்டத்தை எடுத்துக்கொண்டு போய் மணலில் வைத்தால், சுற்றிலும் நூறு காக்கைகள் இருந்தும் ஒன்றுகூட அதைத் தொடவில்லை. மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வேறு குடும்பத்தார் வைத்ததெல்லாம் காலியாகிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து ஒற்றைக்கால் சற்று ஊனமான ஒரு காக்கை தத்தித் தத்தி வந்து ஒரு பருக்கையைக் கொத்தியது. அவர் ஒன்றும் பேசாமல் கடலில் இறங்கி முழுகினார்.

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாற்றி, ராமநாதரைக் கும்பிட்டுவிட்டு நடராஜர் சன்னிதிப் பக்கம் போனோம். பதஞ்சலி ஜீவசமாதி இங்கேதான் என்பது நம்பிக்கை. மூன்றாம் பிராகாரத்தின் கூட்டமும் இரைச்சலும் இங்கே வருவதற்குள் அடங்கிவிடுகின்றன. அம்மாவின் பெயரைச் சொல்லி விளக்கேற்றினேன். சுடர் நிமிர்ந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை.

கேள்வி மாமாவிடம் இருந்தது. “திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பட்டூர் பிரம்மபுரீஸ்வரர் கோயிலிலும் பதஞ்சலி சமாதி இருக்கிறதே, மாப்பிள்ளை?”

“இருக்கிறது, மாமா. நானே கும்பிட்டிருக்கிறேன்.”

“ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு பட்டா.”

அதோடு விடவில்லை. இலக்கணத்துக்கு மகாபாஷ்யம் எழுதிய பதஞ்சலி கிறிஸ்து பிறப்பதற்கு முன் இரண்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். யோக சூத்திரம் செய்தவரும் அவரும் ஒருவரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. தில்லையில் கூத்தைக் கண்டவராகத் திருமந்திரம் சொல்லும் பதஞ்சலி இன்னொரு பக்கம், பதினெண் சித்தர் வரிசையில் வருகிறவர் வேறொரு பக்கம். “ஆளே எத்தனை பேர் என்று தெரியாதபோது எலும்பை எங்கே தேடுவது?” என்றார்.

“இப்படி ஒரு தகராறு வந்தால் சர்வேயர் என்ன செய்வார்?”

“முதலில் மூலப்பத்திரம் கேட்பேன். இரண்டு தரப்பிடமும் இல்லையென்றால் அனுபோகம் பார்ப்பேன். யார் எவ்வளவு காலமாக உழுகிறார்கள், தீர்வை ரசீது எந்த வருடத்திலிருந்து இருக்கிறது, பக்கத்து நிலத்துப் பத்திரத்தில் எல்லை சொல்லும்போது இவர் பெயர் வருகிறதா. கடைசியாகத்தான் கல்லைப் பார்ப்பேன். கல்லை ராத்திரியில் பிடுங்கி நட்டுவிடலாம்.”

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டுதான் மிச்ச ஊர்களுக்கும் போனோம். நல்லவேளையாக நிஜமான டேப்பை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

ஆபில் காபில் தர்கா ராமேஸ்வரம் ஊருக்குள்ளேயே, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனால் இரண்டு கல்லறைகள். முதல் மனிதர் ஆதமின் பிள்ளைகள் ஆபிலும் காபிலும் அடங்கியவை என்பது நம்பிக்கை. மனிதருக்குத் தோண்டியவைதானா என்று திகைக்க வைக்கிற நீளம். ஆதமின் மக்கள் ஆஜானுபாகுவாக இருந்தார்கள் என்ற நம்பிக்கைக்கு ஏற்ற நீளம். மாமாவின் கண் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை மெல்ல நகர்ந்ததைப் பார்த்தேன், உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆபிலுக்கு டமாஸ்கஸ் அருகே மலைமேல் இன்னொரு அடக்கத்தலம் இருக்கிறது. அங்கேயும் ஆட்கள் போய் ஓதிவிட்டு வருகிறார்கள். இங்கே எப்படி வந்தார்? ஆதம் சொர்க்கத்திலிருந்து இறங்கிய இடம் சரந்தீவு, அதாவது இலங்கை என்பது அரபு மாலுமிகளிடையே பழைய வழக்கு. ஊர் ஊராகச் சுற்றிய பயணி இப்னு பதூதா 1344-இல் ஆதம் மலை ஏறியதை எழுதி வைத்திருக்கிறார். நமக்குச் சேதுவாக இருக்கிற மணல்திட்டு ஆங்கிலேயரின் வரைபடத்தில் ஆதம் பாலம். அப்பன் அக்கரையில் இறங்கி, பாலம் நடுவில் இருந்தால், பிள்ளைகள் இக்கரையில்தானே அடங்கியிருக்க வேண்டும்? நிலத்தின் அமைப்பே கதையை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது என்பது என் எண்ணம். மாமா இதற்கு “நான்கெல்லை பொருந்துகிறது, பத்திரம் இல்லை” என்று தீர்ப்பு எழுதினார்.

குர்ஆனில் இந்தச் சகோதரர்களின் பெயர் கிடையாது. ஆதமின் இரு மக்கள் என்று மட்டுமே வருகிறது. தம்பியைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான் அண்ணன். இறைவன் ஒரு காக்கையை அனுப்புகிறான். அது நிலத்தைக் கீறிக் காட்டுகிறது. அதைப் பார்த்துத்தான் மனிதன் புதைக்கக் கற்றுக்கொள்கிறான். வாசலில் செருப்பு மாட்டும்போது மாமாவிடம் இதைச் சொன்னேன். வார்ப்பட்டையைப் பிடித்தபடி குனிந்தே இருந்தார். “காக்கையா?” என்று ஒரு தடவை கேட்டார்.

பாம்பன் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்தவர்கள் பேசுகிற பேச்சா என்று கடைக்காரர் நினைத்திருப்பார்; நாங்கள் எருசலேமுக்குப் போய்விட்டோம். 1980-இல் அங்கே தல்பியோத் என்ற பகுதியில் கட்டடம் கட்டத் தோண்டியபோது ஒரு குகைக் கல்லறை அகப்பட்டது. எலும்பு வைக்கும் கல்பெட்டிகள் பத்து. ஆறில் பெயர்கள் வெட்டியிருந்தன. ஒன்றில் ‘யோசேப்பின் மகன் யேசுவா’ என்ற வாசகம். இயேசுவின் குடும்பக் கல்லறையே கிடைத்துவிட்டது என்று 2007-இல் உலகம் முழுக்கப் பரபரப்பு. ஆனால் யோசேப்பு, யேசுவா, மரியாள் எல்லாம் அந்தக் காலத்தில் அங்கே தெருவுக்குத் தெரு இருந்த பெயர்கள். “முதுகுளத்தூர் தாலுகாவில் ‘முத்துராமலிங்கம், தகப்பனார் பெயர் ராமசாமி’ என்று தேடிப் பார். நில உரிமை எழுதுகிற அ-பதிவேடு பத்து நிறையும்” என்றார் மாமா.

2002-இல் வெளிவந்த இன்னொரு பெட்டியின் கதை இன்னும் சுவாரசியம். ‘யோசேப்பின் மகன், இயேசுவின் சகோதரன் யாக்கோபு’ என்று அதில் எழுத்து. பழம்பொருள் சந்தை வழியாக வந்தது. எந்தக் குழியிலிருந்து எடுத்தது என்பதற்கு ஆதாரமே இல்லை. எழுத்து பிற்காலத்துப் போலி என்று இஸ்ரேல் தொல்லியல் துறை சொன்னது. வழக்கு வருடக்கணக்கில் நடந்து 2012-இல் உரிமையாளர் விடுதலையானார். போலி என்று நிரூபிக்கப்படவில்லை, அசல் என்றும் ஆகவில்லை. வயலைவிட்டுப் பிடுங்கிவந்த கல் எல்லை சொல்லாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ரோமாபுரியில் அனுபோகம் பலமாக இருக்கிறது. புனித பேதுருவின் நினைவிடம் வத்திக்கான் குன்றில் இருந்ததை இரண்டாம் நூற்றாண்டு முடிகிற காலத்திலேயே ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார். 1939-க்குப் பிறகு பேராலயத்தின் அடியில் தோண்டியபோது அந்தக் காலத்துச் சிறு நினைவுச்சின்னம் அகப்பட்டது. ஆக, இடத்துக்குத் தீர்வை ரசீது உண்டு. எலும்புக்குத்தான் வில்லங்கம். சுவர்ப்பொந்தில் இருந்த எலும்புகளைப் பொறுப்பிலிருந்த ஒரு குரு, தோண்டுகிறவர்களுக்கே சொல்லாமல் எடுத்து மரப்பெட்டியில் வைத்துவிட்டார். மரியாதைக்காகத்தான். 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், பேதுருவின் எலும்புகள் அடையாளம் காணப்பட்டுவிட்டதாக அறிவித்தார். சந்தேகப்படுகிறவர்கள் அந்த மரப்பெட்டியைத்தான் இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். கார்பன் பரிசோதனை எலும்பின் வயதைச் சொல்லும். பெயரைச் சொல்லாது.

திரும்பும் வழியில் அழகன்குளம் கைகாட்டியைப் பார்த்ததும் மாமா வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். வைகை கடலில் கலக்கிற ஊர். 1986-இலிருந்து பல கட்டங்களாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டி, ரோமானிய நாணயங்களும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் எடுத்த இடம். எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், எந்த மண் அடுக்கு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. “பெயர் வெட்டிய ஓடு இங்கே இருக்கிறது. அந்தப் பெயர்க்காரனுக்கு விளக்கேற்ற ஆளில்லை” என்றார்.

மறுநாள் காலை கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது நேரம் போனது தெரியவில்லை. மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவும் வள்ளல் சீதக்காதியும் அடங்கியிருப்பது இந்த ஊரில். இங்கே மாமாவுக்கு ஆட்சேபணையே இல்லை. இருவரும் பதினேழாம் நூற்றாண்டுக்காரர்கள், வாழ்ந்ததற்கும் மறைந்ததற்கும் சான்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கல்லறைக்குள்ளிருந்து கை நீண்டு வந்து புலவருக்கு மோதிரம் கொடுத்த கதையும் இங்கேதான். செத்தும் கொடுத்தான் சீதக்காதி. ஆவணம் சுத்தமாக இருக்கிற கல்லறையிலும் ஜனங்கள் அற்புதத்தை விடுவதில்லை.

ஏர்வாடியில் கூட்டம். மதீனாவிலிருந்து வந்து ஷஹீதான, அதாவது மார்க்கத்துக்காக உயிர்விட்ட, சுல்தான் சையிது இப்ராஹிம் பாதுஷாவின் அடக்கத்தலம். வந்தது பன்னிரண்டாம் நூற்றாண்டு என்பது வழக்கு. போர்வையைக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். எதிரே ஓர் அம்மா, கழுத்தில் தாலிக்கயிறும் நெற்றியில் குங்குமமுமாக, தூணோடு தூணாகச் சாய்ந்திருந்தாள். மடியில் பதினெட்டு வயது மகனின் தலை. அவன் ஓயாமல் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான். பத்து வந்ததும் அவள் “சரி” என்பாள், அவன் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான். நான் இருந்தவரைக்கும் அவள் ஒரு தடவைகூடச் “சரி” சொல்லத் தவறவில்லை. மாமாவும் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டா, பத்திரம் என்று இங்கே அவர் வாயைத் திறக்கவில்லை.

அங்கிருந்து வடக்கே கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகக் கற்களாக நிற்கிற நவபாஷாணத்துக்குக் கரையிலிருந்தே கும்பிடு போட்டுவிட்டு, ஓரியூர் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிட்டது.

ஓரியூரில் கல்லறை இல்லை. இதை முன்பே தெரிந்துகொண்டு போனாலும் மனம் கண்ணோடு சேர்ந்து தேடத்தான் செய்கிறது. லிஸ்பனில் 1647-இல் பிறந்து, இயேசு சபையின் மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டி, அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டவர் ஜான் டி பிரிட்டோ. மறவர் தலைவர் தடியத்தேவர் அவரால் மனம் மாறி ஞானஸ்நானம் பெற்று ஒரே மனைவியோடு வாழ முடிவு செய்ததில், விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அங்கே மூண்டது வினை. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி பாம்பாற்றங்கரையில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. உடலைக் கம்பத்தில் கட்டி விட்டுவிட்டார்கள். நாயும் நரியும் இழுத்துப் போட்டதுதான் மிச்சம். ஆனால் முதல் நாள், பிப்ரவரி 3 என்று தேதியிட்டுச் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. கரியைக் குழைத்து மையாக்கி எழுதியது.

மாமா வெகுநேரம் அங்கேயே நின்றார். “எலும்பு இல்லை, சமாதி இல்லை. ஆனால் தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, அவரே எழுதிய காகிதம் இருக்கிறது” என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். “நாம் பார்த்ததிலேயே மூலப்பத்திரம் சுத்தமாக இருப்பது இங்கேதான்.” கொஞ்சம் விட்டு, “உன் அத்தைக்கும் அப்படித்தான்” என்றார்.

மண் சிவப்பாகத்தான் இருந்தது. ரத்தத்தால் சிவந்தது என்பது ஊரின் நம்பிக்கை. இரும்புச்சத்தால் சிவந்த தேரி மண் சாயல்குடிப் பக்கம் நிறைய உண்டு. அதைப்பற்றி மாமா ஒரு பிரசங்கம் வைப்பார் என்று எதிர்பார்த்தேன். வைக்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி, மேல்மண்ணை விரலால் ஒதுக்கி, கீழிருந்து ஒரு பிடி எடுத்து, டைரியில் கிழித்த தாளில் பொட்டலமாக மடித்தார். பிறகு பேனாவை எடுத்து அதன் மேல் எழுதினார்: ஓரியூர், திருத்தலத்துக்குக் கிழக்கே முப்பது தப்படி, மேல்மண்ணுக்கு நான்கு விரற்கடை கீழே. தேதி. எடுத்தவர் என்று தன் கையெழுத்து. சாட்சி என்று போட்டு என்னிடம் பேனாவை நீட்டினார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

ராத்திரி பரமக்குடி வந்து பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரித்து, மண்ணைப் பூஜையறையில் இருந்த பித்தளைச் சிமிழில், ஏற்கெனவே கிடந்த ஏதோ ஒரு கோயில் திருநீற்றின் மேலேயே கொட்டினாள். தாளைக் கசக்கி அடுப்பங்கரைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார்.