பேறுகாலத்துக்கு நெல்லைக்கு ரயில் ஏறுமுன்

வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போவது நம் வழக்கம். பெண் எடுத்ததும் கொடுத்ததும் பக்கத்துப் பக்கத்து ஊராக இருந்த காலத்தில் வந்த வழக்கம் இது. இப்போது சென்னையிலிருந்து திருநெல்வேலி என்றால் சுமார் 650 கிலோமீட்டர். இந்தப் பயணத்தில் வரும் சிக்கல்களில் பாதி, வீட்டில் நாள் குறிக்கும்போதே தொடங்கிவிடுகின்றன.

முதல் காரியம், மாதக் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு மாறுங்கள். ஏழாம் மாதம் என்று நாம் சொல்வது ஏறக்குறைய 27 முதல் 30 வாரம். ஒன்பதாம் மாதம் என்றால் 35 வாரம் ஆகிவிடும். 37 தாண்டினால் எந்த நாளிலும் வலி எடுக்கலாம். ஆகவே 32 வாரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. வளைகாப்பை ஒன்பதில்தான் செய்வோம் என்று பெரியவர்கள் சொன்னால், பெண்ணை முன்பே அனுப்பிவிட்டு விழாவை நெல்லையில் வைத்துக்கொள்ளலாம். வளையல் எங்கே போட்டாலும் வளையல்தான். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, இரட்டைக் குழந்தை, முந்தைய பிரசவம் குறைமாதம் என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட்டே எடுக்காதீர்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. மருத்துவர் சான்றிதழோடு முன்பதிவு மையத்துக்கே போய்க் கேளுங்கள். ஆன்லைனில் எடுப்பவர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ‘லோயர்’ என்று தேர்ந்தெடுத்துவிட்டால் லோயர் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது விருப்பம் மட்டுமே. அப்பர் வந்தாலும் பணம் போய்விடும். அதே பக்கத்தில் ‘ஒரு கீழ் பெர்த்தாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்’ என்ற தேர்வு இருக்கிறது. அதைக் குறியுங்கள். கூட வருபவர் பெயரில் அது விழுந்தாலும் மாற்றிக்கொள்ளலாம்.

சைட் லோயரைத் தவிர்க்கப் பாருங்கள். இரண்டு இருக்கைகளின் சாய்மானத்தை மடித்துப் போட்டுத்தான் அது படுக்கையாகிறது. இரண்டும் சேரும் விளிம்பு சரியாக இடுப்புக்கு அடியில் வரும். வேறு வழியில்லை என்றால் மடித்த போர்வையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

பகலில் போக வந்தே பாரத் இருக்கிறது, சுமார் 8 மணி நேரம். ஆனால் முழுக்க உட்கார்ந்தே வர வேண்டும். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும் என்பதால் காலைத் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் உட்காருவது கெண்டைக்காலுக்கு ஆகாது. இரவு ரயிலில் நேரம் கூட ஆனாலும் படுத்துக்கொண்டு வரலாம். என் ஓட்டு நெல்லை எக்ஸ்பிரஸுக்குத்தான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. திருநெல்வேலியே அதன் கடைசி நிறுத்தம். கன்னியாகுமரி போகும் வண்டியில் சில நிமிடத்தில் பெட்டியோடு இறங்கியாக வேண்டும். இதில் கூட்டம் இறங்கி முடித்த பிறகு நிதானமாக இறங்கலாம்.

படுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம் முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். தலை சுற்றும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். ஒருக்களித்துப் படுக்க வேண்டும், முடிந்தால் இடப்பக்கமாக. பெர்த்தில் தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பது இங்கேதான் முக்கியமாகிறது. சுவரில் முதுகு சாய்த்து நேராக உட்காருங்கள். உங்கள் இடது கை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தக் கோடியில் தலையணையைப் போட்டு அப்படியே சாயுங்கள். முதுகுக்குச் சுவர் முட்டாகக் கிடைக்கும், வயிறு திறந்த பக்கம் இருக்கும். மாற்றி வைத்தால் இடப்பக்கம் திரும்பும்போது வயிறு சுவரோடு இடிபடும், முதுகு அந்தரத்தில் நிற்கும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணை வையுங்கள். எழும்போது இரண்டு காலையும் முதலில் கீழே விட்டு, கையை ஊன்றி எழுந்தால் வயிற்றுத் தசை இழுக்காது. நடு பெர்த்தை இரவு 10 முதல் காலை 6 வரை மட்டுமே விரிக்கலாம் என்பது விதி. அதற்கு முன்பே ஒருவர் விரிக்க வந்தால், நிமிர்ந்து உட்கார இடம் வேண்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீரைக் குறைப்பது பயணத்தில் எல்லாரும் செய்யும் தவறு. நீர் வற்றினால் கால் குரக்களி இழுக்கும், சிறுநீர்த் தொற்று வரும், வயிறும் இறுகத் தொடங்கும். தண்ணீரைக் குடியுங்கள், போகும்போது ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தரையில் வழுக்காத செருப்பு போடுங்கள். ஓ.ஆர்.எஸ். வைத்திருந்தால் 1 லிட்டர் பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு மிஞ்சிப்போகும். சாப்பாட்டுக்கு நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி போதும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், இரவுக்குள் புளித்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது.

இனி மருத்துவ ஃபைல். துணிப்பை தொலைந்தால் துணி வாங்கிக்கொள்ளலாம். ஃபைல் போனால் புது ஊர் மருத்துவர் எதையும் தெரியாமல் பிரசவம் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் அது சீட்டுக்கடியில் தள்ளும் பெட்டிக்குள் போகக் கூடாது, தோள்பையில் இருக்க வேண்டும். ரத்த வகை, கடைசி ஹீமோகுளோபின், சர்க்கரைப் பரிசோதனை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், போட்ட தடுப்பூசிகள், தாய் சேய் நல அட்டை, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த 12 இலக்க ஆர்.சி.எச். எண். நெகட்டிவ் ரத்த வகை என்றால் ஆன்டி-டி ஊசி போட்ட தேதியும் வேண்டும். ஸ்கேன் படங்கள் வெப்பத்தாளில் அச்சானவை, சூட்டில் மங்கிவிடும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து நெல்லையில் இருக்கும் அம்மாவுக்கும் அனுப்பிவையுங்கள்.

இந்த வழித்தடத்தில் ஒரு நல்ல விஷயம், பெரிய அரசு மருத்துவமனைகள் ரயில் நிற்கும் ஊர்களிலேயே இருக்கின்றன. செங்கல்பட்டு, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம், திருச்சி, மதுரை என்று வரிசையாக வரும். விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் இடையே சுமார் 180 கிலோமீட்டர்தான் நீண்ட இடைவெளி. நடுவே விருத்தாசலமும் அரியலூரும் இருக்கின்றன. ரத்தம் பட்டாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். டிக்கெட் பரிசோதகரிடம் (டி.டி.இ.) சொல்லுங்கள், ரயில்வே உதவி எண் 139-ஐ அழையுங்கள், அடுத்த நிறுத்தத்துக்கு 108 வரும்படி கேளுங்கள். இடைப்பட்ட இடத்தில் சங்கிலியை இழுத்தால் வண்டி வயல்வெளியில் நிற்கும், அங்கே ஆம்புலன்ஸ் வர வழியிருக்காது.

புறப்படும் நாளில் டிக்கெட்டில் உள்ள நிலையத்தை மறுபடி பாருங்கள். எழும்பூர் மறுசீரமைப்புப் பணியால் சில வண்டிகள் தாம்பரத்திலிருந்து கிளம்பும்படி மாற்றப்பட்டதுண்டு. காரில் போகும்போது பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே தொடைமேல் படிய வேண்டும், மேல்பட்டை மார்பின் நடுவே வந்து வயிற்றின் ஓரமாக இறங்க வேண்டும். வயிற்றின் மேல் போடக் கூடாது.

ஊர் சேர்ந்த முதல் வாரத்திலேயே பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையில் ஃபைலைக் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் ஆர்.சி.எச். எண்ணைச் சொல்லிவையுங்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதே எண்தான் வேண்டும். பிறகு ஒரு நாள் இரவு பத்து மணிக்குமேல் அப்பாவோ தம்பியோ வீட்டிலிருந்து மருத்துவமனை வரை வண்டியை ஓட்டிப் பார்க்கட்டும். எந்த ரயில்வே கேட் மூடியிருக்கிறது, எந்த வாசல் இரவில் திறந்திருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும்.