போலாம்ப்பா, பஸ் இன்னும் வரலை

"அப்போ அவர் தெளிவாத்தான் கேட்டாரா சிஸ்டர்?" என்று இறந்துபோன தன் அப்பாவைப் பற்றிக் கேட்டார் அந்த மகன். "இல்லை தம்பி, அதுவும் குழப்பத்துல கேட்டதுதான்" என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, உடனே வாயில் வந்துவிட்டது.

தீராத நோயில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நர்ஸ் நான். அவருடைய அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருங்குடலில் தொடங்கிய புற்று கல்லீரலுக்குப் பரவியிருந்தது. சாயங்காலம் ஆனால் குழப்பம் கூடிவிடும். போர்வை ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, டிக்கெட் கிழிக்கிற மாதிரி இழுத்து இழுத்து யாருக்கோ நீட்டுவார். "டியூட்டிக்கு நேரமாச்சு" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார். "அப்பா, நீங்க ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம் ஆச்சு, உடம்பு முடியலப்பா" என்று மகன் விளக்க, அவருக்குக் கோபம் ஏறும். இவருக்கு அழுகை வரும்.

போனதும் நான் தொட்டுப் பார்த்தது அவர் அடிவயிற்றை. தொப்புளுக்குக் கீழே கெட்டியாக இருந்தது, தொட்டதும் முகத்தைச் சுளித்தார். சிறுநீர் அடைத்திருக்கிறது. டியூப் போட்டுப் பை நிறைய நிறைய ஆர்ப்பாட்டம் பாதி அடங்கிவிட்டது. இப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். மலம் இறுகியிருக்கும், ரத்தத்தில் கால்சியம் ஏறியிருக்கும், கிட்னி தளர்ந்து வலி மருந்தான மார்ஃபின் உடம்பில் தேங்கியிருக்கும், எங்காவது கிருமித்தொற்று இருக்கும். வீட்டில் "மூளைக்குப் போயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். தேடினால் சரிசெய்யக்கூடிய காரணம் பலருக்கும் அகப்படும். கடைசி நாட்களில்தான் தேடியும் பலன் குறைவு.

மீதிக் குழப்பத்துக்கு மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட 247 நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. இந்தக் குழப்பத்துக்குக் கொடுக்கிற ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் மருந்துகளைக் கொடுத்தவர்களுக்கு, வெற்று மருந்து கொடுத்தவர்களைவிடத் தொந்தரவு அதிகமாகவே இருந்தது. அதனால் வெளிச்சம், தெரிந்த முகம், பேசுகிற விதம் இவற்றைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்போம். "மறுத்துப் பேசாதீங்க தம்பி. 'போலாம்ப்பா, பஸ் இன்னும் வரலை'ன்னு சொல்லிக் கையைப் பிடிச்சுக்கோங்க" என்றேன். நன்றாகவே வேலை செய்தது. அப்பாவும் தூங்கினார், மகனும் தூங்கினார். அந்த ஆலோசனையில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

பிறகு ஒரு காலையில் அப்பா, "இனிமே நான் எங்கேயும் போக மாட்டேன்ல?" என்று கேட்டிருக்கிறார். மகன் பழக்கத்தில், "போலாம்ப்பா, பஸ் இன்னும் வரலை" என்றிருக்கிறார். அப்பா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றாராம். அப்புறம் பேச்சு இல்லை.

காரியம் முடிந்தபின் நான் போனபோதுதான் மகன் இதைச் சொன்னார். அப்படிக் கேட்பதற்குக் கொஞ்சம் முன்னால் அப்பா காபி வாங்கிக் குடித்து, "பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?" என்று பேத்தியை விசாரித்ததையும் சேர்த்தே சொன்னார். இந்தக் குழப்பம் வந்து வந்து போகும், காலையில் பலர் தெளிந்து பேசுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான், "குழப்பத்துல கேட்டதுதான்" என்று மகனுக்குப் பதில் சொன்னேன்.

எரித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவரிடம் வேறு என்ன சொல்வது? உண்மையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இப்படி என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் அவர் என்னிடம் ஆறுதல் கேட்கவில்லை, நடந்தது என்ன என்றுதான் கேட்டார். ஒருவேளை அந்த "சரி", மகனைத் தேற்ற அப்பா சொன்னதாகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் அதையும் நான் குழப்பக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

இப்போது வீடுகளில் அந்த ஆலோசனையைச் சொல்லும்போது கூடவே ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: "முகத்தைப் பார்த்து நிதானமா கேட்டா, உடனே பதில் சொல்லாதீங்க. 'என்னப்பா நினைக்கிறீங்க?'ன்னு கேட்டுட்டுக் காத்திருங்க. தெளிவா இருந்தா அவரே பேசுவார்." சமீபத்தில் ஒரு மகள், "ராத்திரி முழுக்கத் தூங்காம இருக்கேன் சிஸ்டர், இது தெளிவு, இது குழப்பம்னு நான் எப்படிப் பிரிச்சுப் பார்ப்பேன்?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். என்னாலேயே எல்லா நேரமும் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. ஆனாலும் அடுத்த வீட்டிலும் சொல்லத்தான் செய்கிறேன்.